தொடாத கை

மீராமுகைதீன் யாரையும் நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது, இப்போது பென்சனும் கொடுக்கிறது. கல்முனை டிப்போவில் கொண்டக்டராகச் சேர்ந்து, பிறகு டிக்கெட் பரிசோதகராகி, மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியே தலை நரைத்த மனிதர். அவர் ஏறினால் டிக்கெட் எடுத்தவனும் அதை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வான். ஊரில் அவருக்குச் ‘செக்கர் காக்கா’, அதாவது செக்கர் அண்ணன், என்றுதான் பெயர். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

வேலை ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. மீன்காரன் கொண்டுவரும் கீரிமீனின் செவுள் பூவைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு மீன்காரனின் முகத்தைப் பார்ப்பார். எரிவாயுச் சிலிண்டர் வந்தால் தூக்கிக் குலுக்குவார். மகள் சிபானாவின் மாப்பிள்ளை ஆசையோடு வாங்கிவந்த வத்தகப்பழத்தைக்கூட இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டார். அந்தப் பொடியன் அன்றைக்கு விட்ட பெருமூச்சு அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

குற்றத்தைப் பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. குற்றம் கையில் தெரியும் என்பார். டிக்கெட் இல்லாதவன் செக்கர் கிட்ட வருமுன்னே பொக்கற்றைத் தடவுவான். ‘இருங்க, இங்கதான் வச்சன்’ என்று நேரம் கேட்பான். டிக்கெட் உள்ளவன் கேட்குமுன்னே நீட்டுவான். தண்டனையைப் பற்றியும் அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. தண்டனை பிடிபட்டவனுக்கு அல்ல, பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு. ஒருவனை நடுவழியில் இறக்கிவிட்டால் மற்றவர்கள் அடுத்த மாதம் வரைக்கும் டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பார்களாம். இறக்கப்பட்டவன் வெயிலில் எவ்வளவு தூரம் நடந்தான் என்பது அவருடைய கொள்கைக்குள் வரவே இல்லை.

ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த அந்த ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம்முடைய முஸ்லிம் ஆட்களை நாடே ஒரு மாதிரிப் பார்த்த காலம் ஒன்று வந்ததல்லவா? அப்போது கொழும்புக்குப் போன பஸ்ஸில் அவர் பக்கத்து ஆசனத்தில் இருந்த அம்மா எழும்பிப் பின்னால் போய்விட்டாள். சோதனைச் சாவடியில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். இவர் மட்டும் கேட்குமுன்னே பையைத் திறந்து, சாரத்தையும் சேர்ட்டையும் வெளியே எடுத்து உதறிக் காட்டினார். “பிழை செய்யாதவன் காட்டுவான். மறைக்கிறவனைத்தான் பிடிக்கோணும்” என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மனைவி சல்மா உம்மா கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் கண்டாள்.

இப்படிப்பட்ட ஆளைப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபைக்குள் எடுத்தார்கள். நம்பாதவரை நம்பிக்கையாளராக்கிய வேடிக்கை ஊருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் சபைத் தலைவர் முஹ்ஸின் ஹாஜியார் சீமெந்துக் கடைக்காரர், விசாரணை என்றால் கொட்டாவி விடுவார். களவு, வேலிச் சண்டை, புருஷன் பெண்சாதி வழக்கு என்று எது வந்தாலும் “செக்கர் பாத்துக்கொள்ளட்டும்” என்று தள்ளிவிடுவார். சபையில் இருந்த மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். செக்கர் ஒரு பார்வை பார்த்தால் களவெடுத்தவன் தானாகவே கக்கிவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சும் இருந்தது. ஓரிரண்டு தடவை அப்படி நடந்ததும் உண்மைதான்.

அந்த நேரத்தில்தான் பாத்தும்மா மௌத்தானாள். நெடுநாள் படுக்கையில் கிடந்த கிழவி. கடைசி மகள் ஜெனூபாவோடு இருந்தவள். மருமகன் முனாஸ், நம்முடைய பக்கத்து வழக்கப்படி, பெண்சாதி வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். மையித்தை, இறந்த உடலை, குளிப்பாட்ட சுஹறா வந்தாள்.

சுஹறாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுவது அவள்தான். சுனாமி அன்று அவளுடைய புருஷனைக் கடல் கொண்டுபோனது. வரிசை வரிசையாகப் பெண்களின் உடல்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கிடந்தன, குளிப்பாட்டக் கை போதவில்லை. அப்போது கல்யாணமாகி வருசம் திரும்பாத இந்தப் பெண், தன் அழுகையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் அள்ள வந்தாள். அன்று பழகிய கை. அதன்பிறகு எந்த வீட்டில் பெண் மௌத்தானாலும் ஆள் அனுப்பாமலே வந்துவிடுவாள். காசு கேட்கமாட்டாள். கொடுத்த சீலையை வாங்கிக்கொள்வாள். இடியப்பம் அவித்து விற்றுத்தான் சீவியம். கையைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் மாவைத் தொடுவாள் என்று வாங்குகிறவர்களே சொல்வார்கள்.

ஏழாம் நாள் கத்தம் ஓதியதற்கு மறுநாள் முனாஸ் பள்ளிவாசலுக்கு வந்தான். மாமியின் கையில் கிடந்த தங்கக் காப்பைக் காணவில்லை என்றான். மையித்தோடு அறைக்குள் கடைசியாக இருந்தது சுஹறா என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இறந்தவளின் கையிலிருந்து கழற்றியிருக்கிறாள் என்று கேட்டவர்களின் உடம்பெல்லாம் கூசியது.

அன்று பின்னேரமே, அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளியோடு ஒட்டிய மத்ரசா மண்டபத்தில் விசாரணை. நம்பிக்கையாளர்கள் ஐந்து பேரும் கதிரைகளில் இருந்தார்கள். சுஹறா கதவோரத்தில் நின்றாள். நடுவில் பலகையில் குர்ஆன்.

“நான் எடுக்கல்ல” என்றாள் சுஹறா. “காப்பு கையில கெடந்தா கழட்டி வீட்டாக்கள்ட குடுப்பன். கெடக்கல்ல.”

“சரி புள்ள, அப்பிடியெண்டா தொட்டுச் சத்தியம் பண்ணிட்டுப் போ. கதை முடிஞ்சி” என்றார் முஹ்ஸின் ஹாஜியார்.

சுஹறா ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள். வெளியே வந்த வலது கை திரும்பவும் முக்காட்டுக்குள் போய்விட்டது.

“இண்டைக்கு ஏலா” என்றாள்.

“ஏன் ஏலா?”

சுஹறா தரையைப் பார்த்தாள். “கொஞ்ச நாள் தவணை தாங்க. நானாகவே வந்து தொட்டுச் சொல்லுறன்.”

மீராமுகைதீனுக்கு மூக்கில் வியர்த்தது. இந்தக் கையை அவருக்குத் தெரியும். பஸ் பஸ்ஸாகப் பார்த்த கை. நேரம் கேட்கிற கை, மறைகிற கை. “எடுக்காதவளுக்கு என்னத்துக்குத் தவணை?” என்றார். குரல் உயரவில்லை. உயர்த்த வேண்டிய தேவையே அவருக்கு வருவதில்லை. “அல்லாஹ்ட கலாமத் தொடப் பயப்படுறாய். ஏனெண்டு இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் விளங்கும்.”

சுஹறா நிமிர்ந்து ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐவருக்கும் பெண்சாதி உண்டு, நால்வருக்குப் பெண்பிள்ளைகள் உண்டு. யாராவது ஒருவருக்கு விளங்கும் என்று எதிர்பார்த்தாள் போலும். விளங்கவில்லை. அவள் திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீராமுகைதீன்தான் வாசகம் சொல்லிக் கொடுத்தார். களவுக் குற்றச்சாட்டில், குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்ய மறுத்ததால், இன்னார் இனிமேல் இந்த மஹல்லாவில் மையித்துக் குளிப்பாட்டக் கூடாது. ஒலிபெருக்கி ஊரின் நாலு திக்கையும் பார்த்துக் கட்டியது. குசினிகளில் சோறு வடித்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோருக்கும் அது தெளிவாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தவருக்குச் சல்மா உம்மா சோறு போட்டாள். மீனாணம் ஊற்றவில்லை. குழம்பில்லாத வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு அவர் இருக்க, அவள் எதிரில் நின்றாள்.

“சிபானாட வாப்பா, ஒண்டு கேக்கிறன். அவள் ஏன் தொடல்லையெண்டு நெனக்கிறீங்க?”

“களவெடுத்தவள் தொடுவாளா?”

“மாசத்தில தொழுகை இல்லாத நாளில ஒரு பொம்புள தொடுவாளா?”

சோற்றுக்குள் போன கை அப்படியே நின்றது.

“முந்தநாள் பாத்தும்மாட வீட்டுக் கத்தத்தில நாங்க எல்லாரும் ஓதக்குள்ள அவள் குசினில இருந்து தேங்காய் துருவினவள். ஏன் ஓதல்லையெண்டு ஒரு பொம்புளையும் கேக்கல்ல. கேக்கத் தேவையுமில்ல. ஊரில உள்ள பொம்புளயள் எல்லாருக்கும் விளங்கினது உங்க அஞ்சு பேருக்கும் விளங்கல்ல. விளங்காட்டியும் பரவால்ல. அவளுக்கு என்ன நாளெண்டு மைக்கைப் போட்டு ஊருக்கே சொல்லிட்டீங்க. அவள் எப்பிடி இனி றோட்டில நடக்கிற?”

மீராமுகைதீனின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அந்த இடத்தில் வெட்கப்பட்டார், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் வெட்கம் ஒரு பக்கம் இருக்க, பழைய செக்கர் உள்ளே எழும்பி நின்றார். “அதுக்காக அவள் எடுக்கல்லையெண்டு ஆகுமா?” என்றார்.

“ஆகாது. எடுத்தாளெண்டு ஆகுமா? சுனாமிக்கு எத்தின மையித்தில இருந்து நகையக் கழட்டி மூட்டை கட்டிப் பள்ளிட்டக் குடுத்தவள்?”

“குடுத்ததத்தான் கண்டம். குடுக்காதத ஆரு கண்ட?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று அவருக்கே உறைத்தது. சல்மா உம்மா சோற்றுப் பானையை மூடினாள். “என்ன குத்தமெண்டு தெரியாம ஆளை மட்டும் தெரிஞ்சிக்கொண்டு தண்டனை குடுத்திரிக்கீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவர் வெறும் சோற்றைத் தின்றார்.

பின்னேரம் பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனார். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

“காப்பை உம்மாட கையில கடைசியாக எப்ப கண்ட, ஜெனூபா?”

ஜெனூபா முந்தானையைத் திருகினாள். “நோன்புக்குக் கண்ட மாதிரி. மறுகா கை மெலிஞ்சி, அது கழண்டு கழண்டு விழுந்திச்சி. மறுகா...” என்று இழுத்தவள் புருஷனைப் பார்த்தாள். முனாஸ் தொண்டையைச் செருமினான். “கையிலதான் கெடந்த, காக்கா” என்றான். ஜெனூபா முந்தானையை விட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

இவன்தான், என்று மீராமுகைதீனின் மனம் சொன்னது. செருமிய செருமலைப் பார், கண் போன போக்கைப் பார். அவர் கேற்றைத் தாண்டி றோட்டில் இறங்கும்போது முனாஸைக் கள்ளனாக்கித் தண்டனையும் எழுதி முடித்துவிட்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் நெஞ்சு சுருக்கென்றது. சுஹறாவைப் பிடித்ததும் இதே கண், இதே மூக்கு. அதை நம்பித்தான் ஒருத்தியை ஊருக்கு முன்னால் கேவலப்படுத்தினார். இப்போது அதையே நம்பி இன்னொருவனைப் பிடிக்கப் போகிறார். கிழவியின் கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்? காப்பு எங்கே, யார் எடுத்தது, எடுத்தார்களா, விழுந்ததா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரியாது என்று அந்த மனிதர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

முஹ்ஸின் ஹாஜியாரிடம் போய் விசயத்தைச் சொன்னார். ஹாஜியாரின் முகம் சிவந்தது. காரணம் விளங்கிய கூச்சம் பாதி, கோபம் பாதி.

“மைக்கில சொன்னதத் திருப்பி எடுத்தா நாளைக்கு ஆரு பள்ளிட சொல்லுக் கேக்கிற?”

“அவள் எடுத்தாளெண்டு உங்களுக்குத் தெரியுமா, ஹாஜியார்?”

“எனக்கென்ன தெரியும்? உனக்குத் தெரியுமெண்டுதானே நாங்க எல்லாரும் தலையாட்டின.”

ஐந்து பேர் தீர்ப்புச் சொன்னார்கள் என்று ஊர் நினைத்தது. நாலு பேர் இவரை நம்பினார்கள், இவர் தன் மூக்கை நம்பினார். அவ்வளவுதான் விசாரணை. கடைசியில் ஹாஜியாரே ஒரு வழி சொன்னார். அவள் கேட்ட தவணையைக் கொடுப்போம், வந்து தொட்டுச் சத்தியம் செய்யட்டும், அறிவித்ததை மீளப் பெறுவோம், பள்ளிக்கும் மரியாதை, அவளுக்கும் மரியாதை. ஆளனுப்பினார்கள். சுஹறா வருவதாகச் சொன்னாள்.

அந்த நாட்களில் சுஹறாவிடம் இடியப்பம் வாங்குவது பாதியாகக் குறைந்துவிட்டது. இடையில் மேற்குத் தெருவில் ஒரு பெண் மௌத்தானபோது ஆட்கள் அடுத்த ஊருக்கு ஓட்டோ அனுப்பிக் குளிப்பாட்ட ஆள் கூட்டிவந்தார்கள். மையித்தைச் சுமந்த சந்தூக்கு தன் வாசலைத் தாண்டிப் போனபோது சுஹறா வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சல்மா உம்மா வந்து சொன்னாள். மீராமுகைதீன் கேட்டுக்கொண்டு இருந்தார். அந்த நேரத்திலும் ‘வேலிக்குள் நின்று ஏன் பார்த்தாள்’ என்று ஒரு கேள்வி அவருக்குள் தலை நீட்டியது. என்ன மனம் இது என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சுஹறா வந்தாள். தனியே வரவில்லை. சல்மா உம்மாவும் தெருப்பெண்கள் சிலரும் மத்ரசா வாசலில் வந்து நின்றார்கள். சுஹறா குளித்து முழுகி, வெள்ளை முக்காடு போட்டிருந்தாள். கையில், தொழுகைக்கு முன் கழுவுகிற ஒழுவின் ஈரம் காயவில்லை. அதே மண்டபம், அதே கதிரைகள், பலகையில் குர்ஆன்.

“தொட்டுச் சொல்லு, புள்ள” என்றார் முஹ்ஸின் ஹாஜியார். குரலில் போன தடவை இருந்த அலட்சியம் இல்லை.

“இண்டைக்கு எனக்குத் தொடலாம்” என்றாள் சுஹறா. “ஆனா நான் தொடமாட்டன்.”

கதிரைகள் கிரீச்சிட்டன.

“நான் கேட்ட நேரம் தவணை தந்திருந்தீங்கெண்டா தொட்டிருப்பன். நீங்க தீர்ப்புச் சொல்லி முடிச்சிட்டீங்க. முடிஞ்ச தீர்ப்புக்குச் சத்தியம் பண்ண வேண்டியது நானில்ல.” அவள் குர்ஆனுக்கு இந்தப் பக்கமாக விலகி நின்றாள். “நீங்க ஒவ்வொருத்தராக வாங்க. சுஹறா பாத்தும்மாட காப்பைக் களவெடுத்தவள் எண்டு தொட்டுச் சொல்லுங்க. ஒருவர் சொன்னாலும் சரி, இந்த ஊர விட்டே போறன்.”

முஹ்ஸின் ஹாஜியார் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மற்ற மூவரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். எல்லோருடைய பார்வையும் கடைசியில் வந்து நின்றது மீராமுகைதீனின் முகத்தில். அவர் எழும்பினார். அவரும் ஒழுவோடுதான் இருந்தார். இரண்டு எட்டு வைத்தார். வலது கையைத் தூக்கினார். அந்தக் கை குர்ஆனுக்குக் கிட்டப் போக மறுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் அதைக் கீழே இறக்கினார்.

“என்னய நீங்க நம்புறீங்களா, மீரா காக்கா?” சுஹறாவின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஓம், நம்புறன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை. “எனக்குத் தெரியா, புள்ள” என்றார். “தெரியாம தண்டனை தந்திட்டன். அது மட்டும் தெரியும்.”

சுஹறாவின் கண் நிரம்பியது. துடைக்கவில்லை. “நான் இந்த ஊர்ப் பொம்புளயளக் குளிப்பாட்டுறத விடமாட்டன்” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “உங்கட வீடுகளுக்கும் வருவன். கூப்பிட்டாலும் வருவன், கூப்பிடாட்டியும் வருவன். கதவைத் திறக்கிறதும் திறக்காததும் உங்கட பாடு.” வாசலில் நின்ற பெண்கள் விலகி வழிவிட, அவள் போய்விட்டாள். பெண்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

அடுத்த ஜும்ஆவில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முன்னைய அறிவித்தல் பிழை, ஆதாரமின்றிச் செய்யப்பட்டது, சபை மன்னிப்புக் கேட்கிறது. காரணம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. மீராமுகைதீன் அன்றே சபையிலிருந்து விலகினார். இடியப்பம் வாங்க ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. காப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. முனாஸைக் கண்டால் மீராமுகைதீன் இன்னும் அவன் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.

அந்த ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குச் சல்மா உம்மா சோறு போட்டு, மீனாணமும் ஊற்றினாள். அவர் இரண்டு கவளம் தின்றிருப்பார்.

“ஒண்டு கேக்கிறன்” என்றாள். “நான் மௌத்தானா ஆரைக் கூப்பிடுவீங்க?”

“என்ன கதை இது? அல்லாஹ்ட காவல்.”

“கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“சுஹறாவைத்தான்” என்றார் அவர். யோசிக்காமல், உடனே, மனதாரச் சொன்னார். இதில் பொய் இல்லை.

ஆணச் சட்டியை எடுக்கச் சல்மா உம்மா குனிந்தாள். அவளுடைய இடது கையில் கல்யாணத்தன்று போட்ட காப்பு கிடந்தது. மீராமுகைதீனின் கண் அதில் போய் விழுந்தது. ஒரு நொடிதான். உடனே சோற்றைப் பார்த்தார். ஆனால் அவள் கண்டுவிட்டாள்.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். கையில் எண்ணெய் தடவாமலே, மணிக்கட்டு சிவக்கச் சிவக்க அந்தக் காப்பைத் திருகிக் கழற்றி, சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இந்தாங்க. இப்பவே எடுத்து வச்சிக்கொள்ளுங்க. அவள்ட கைக்குப் பழி வராம நான் போகோணும்.”

உள்ளே போன அவளை ‘சல்மா’ என்று மீராமுகைதீன் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் திரும்பவில்லை. அவர் அழுதார். எச்சில் கை காயும் வரைக்கும் அந்தக் காப்புக்கு முன்னால் இருந்து அழுதார்.